பத்தொன்பது மைக்ரான்

சால்ட்டோ நகரத்துக் கம்பளிக் கிடங்கில்
இருபத்திரண்டு வருஷமாக
இழையின் பருமன் சொல்வது என் வேலை.
கருவியும் இருக்கிறது, தலைநகரிலிருந்து வந்தது.
கண்ணை மூடி ஒரு கொத்தை உருட்டி
"பத்தொன்பது மைக்ரான்" என்பேன் நான்.
கருவி கொஞ்சம் முனகிவிட்டு
அதையேதான் சொல்லும்.
"சுல்மாவின் விரலுக்கு மின்கட்டணம் கிடையாது"
என்பான் வில்மார், பொதி அழுத்துகிறவன்.

அக்டோபரில், கத்தரிப்புக் காலத்தின் உச்சத்தில்,
குளிக்கும்போது
இடது மார்பின் மேற்புறம் அது தட்டுப்பட்டது.
பயப்படவில்லை என்றால் பொய்.
ஆனால் பயத்தை முந்திக்கொண்டு
பழக்கம் வந்துவிட்டது:
உருண்டை. வழுவழுப்பு.
தொட்டால் நழுவுகிறது,
ரோமத்தில் சிக்கிய முள்விதைபோல்
கவ்விப் பிடித்து நிற்கவில்லை.
ஈரத்தோடு நின்றபடியே தரம் பிரித்துவிட்டேன்.
பதிவேட்டில் எழுதுவதுதான் பாக்கி.

தீட்டு வந்து போகட்டும் என்று காத்திருந்தேன்.
போனது.
அது போகவில்லை.

டாக்டர் பெந்தாங்கோர் தொட்டுப் பார்க்கும்போது
கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
எனக்குப் பிடித்தது அது.
விரலை நம்புகிறவர்கள்
கண்ணை வேறெங்காவது வைத்துவிடுவார்கள்.
"நீர்க்கட்டியாகத்தான் இருக்கும்.
ஆனால் 'இருக்கும்' என்பது பரிசோதனை இல்லையே, அம்மா."

வில்மாரின் எந்திரத்துக்கு ஒரு தங்கை உண்டு,
மருத்துவமனையின் இரண்டாம் மாடியில்.
தட்டுகளுக்கு நடுவே வைத்து நசுக்கி
மூச்சைப் பிடி என்றாள்.
பிடித்தேன்.
அதற்குப் பிறகு இருட்டறை, குளிர்ந்த கூழ்,
திரையில் கரிய வட்டம்:
உள்ளே வெறும் தண்ணீர்.
ஊசி இறங்கியது.
வைக்கோல் நிறத்தில் இரண்டு தேக்கரண்டி.
கட்டி இருந்த இடத்தில் கட்டி இல்லை.
"நான் அப்போதே சொன்னேன்" என்று
சட்டைக்குக் கை நீட்டினேன்.

டாக்டர் கருவியை எடுக்கவில்லை.

அங்கிருந்து கீழே, ஆழத்தில், விலாவை ஒட்டி
ஏழு மில்லிமீட்டர்.
ஓரம் கிழிந்த ஒரு நிழல்.
எங்கே, காட்டுங்கள் என்றேன்.
என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார்.
அழுத்தினேன். அவரும் அழுத்தினார்.
இரண்டு பேர் விரலுக்கும் ஒன்றும் அகப்படவில்லை.

மரத்துப்போக மருந்து.
பிறகு, ஆட்டின் காதில் எண் குத்தும் கருவியின்
அதே 'டக்'.
நான்கு முறை.
இத்தனை வருஷம் காதைப் பிடித்துக் கொடுத்தவள்
இப்போதுதான் ஆட்டை நினைத்துக்கொண்டேன்.

முடிவு வர ஒன்பது நாள்.
ஆறாம் நாள் நான் இருபது என்றேன்,
கருவி இருபத்திரண்டு என்றது.
வில்மார் சிரிக்கவில்லை.

அந்தச் சொல்லை டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்.
உடனே அடுத்த சொல்லையும்: சிறியது.
மார்பு முழுவதும் போகவில்லை.
மெல்லிய கம்பி ஒன்றை வழிகாட்ட வைத்து
அக்ரூட் அளவு வெட்டி எடுத்தார்கள்.
நீலச் சாயம் ஓடிய வழியே போய்
அக்குளில் இரண்டு நிணமுடிச்சு;
இரண்டும் சுத்தம்.
மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போனது,
கழிப்பறையில் தனியாகச் சிரித்தேன்,
தையல் வலிக்க வலிக்க.
பைசாண்டுவுக்குப் பதினைந்து பேருந்துப் பயணம், கதிர்வீச்சுக்கு.
குறி தப்பாமலிருக்கத் தோலில் மூன்று புள்ளி.
எனக்கும் அடையாளம் குத்தியாயிற்று.
இனி ஐந்து வருஷத்துக்குத் தினம் ஒரு மாத்திரை,
மாத்தே குடித்த கையோடு.

மார்ச்சில் புதிதாக ஒரு நீர்க்கட்டி.
பார்த்துவிட்டு, கிடக்கட்டும் என்றார் டாக்டர்.
கிடக்கிறது.
அந்த முதல் கட்டிமேல் எனக்குக் கோபமே வரவில்லை.
ஒரு கெடுதலும் செய்யாத அதுதானே
என்னைக் கையைப் பிடித்து
இரண்டாம் மாடிக்கு ஏற்றியது.

இப்போதும் கண்ணை மூடித்தான் சொல்கிறேன்.
பத்தொன்பது.
சொல்லிவிட்டு, எதற்கும் கருவியையும் கேள் என்கிறேன்.
கேட்கிறான்.
இடது கையை உயர்த்தினால் இன்னும் இழுக்கிறது.
மேல்தட்டுக் கொத்துகளை
வில்மாரே எடுத்து என் முன்னால் வைத்துவிடுகிறான்,
கேட்காமல்,
கூரையைப் பார்த்துக்கொண்டு.